மலை மழையில் சின்ன கேமரா: நனையாமல் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூலை மாதத்தில் பஸ் ஏறினால் அடிவாரத்தில் வெறும் காற்றுதான் இருக்கும். ஒன்பதாவது வளைவுக்கு வரும்போது சாரல். அட்டகட்டி தாண்டினால் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார வேண்டிய மழை. என் முதல் காம்பாக்ட் கேமரா செத்தது அந்தப் பயணத்தில்தான்.

கொட்டுகிற மழையில் நான் அதைப் பையைவிட்டு எடுக்கவே இல்லை. மழை விட்டபிறகுதான் எடுத்தேன். புதுத்தோட்டம் பக்கம் சாலையோர மரத்தில் சிங்கவால் குரங்குகள். பூந்தூறல்தானே என்று பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். வெளியே நீண்டிருந்த லென்ஸ் குழல்மேல் வியர்வை மாதிரி பொடித்துளிகள் நின்றன. அப்படியே சுவிட்சை அணைத்தேன். லென்ஸ் பாதி உள்ளே போய், கறகறவென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. அப்புறம் அது வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. பழுது பார்க்கக் கேட்ட கூலி கேமரா விலையில் பாதி.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். சின்ன கேமராக்கள் பெரும்பாலும் தூவானத்தில்தான் போகின்றன. அடைமழையில் நாமே பயந்து மூடி வைத்துவிடுகிறோம். தூறலிலும், ஈரக் கையோடு அணைக்கும் நேரத்திலும், டீக்கடைக்குள் நுழையும்போதும்தான் அசந்துவிடுகிறோம். கீழே சொல்லப்போவது முழுக்க அந்த அசட்டையான நேரங்களைப் பற்றியதுதான்.

தண்ணீர் எந்த வழியாகப் போகிறது

காம்பாக்ட் கேமராவின் லென்ஸ், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய குழல்கள். ஆன் செய்தால் நீளும், அணைத்தால் சுருங்கும். குழல்களுக்கு நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருந்தால்தான் அவை நகர முடியும். லென்ஸ் நீளும்போது உள்ளே இடம் கூடுவதால் சைக்கிள் பம்பு மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்று ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் சேர்ந்து போகும். சுருங்கும்போது, குழல்மேல் நிற்கிற துளியை அதுவே வழித்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளே மோட்டாரும், மெல்லிய பட்டை ஒயர்களும், பல்சக்கரங்களும் இருக்கின்றன. என் கேமராவில் நடந்தது இதுதான்.

மற்ற வழிகள்: ஷட்டர் பட்டனைச் சுற்றியிருக்கிற ஜூம் வளையம், மேலே திருகும் டயல், துள்ளி எழும் ஃபிளாஷ், அடியில் பேட்டரிக் கதவு, பக்கவாட்டில் சார்ஜ் துளை. இவற்றில் மோசமானது மேல்பக்கம்தான். மழை நேராக விழுவது அங்கே.

முதலில், கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, ரிக்கோ ஜிஆர் 3, கேனான் ஜி7 எக்ஸ் போன்றவற்றில் மழைக்குத் தடுப்பு எதுவும் கிடையாது. விலை அதிகமாக இருப்பதால் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100வி, எக்ஸ்100விஐ இரண்டும் கொஞ்சம் வேறு மாதிரி. உடம்பில் தடுப்பு உண்டு, ஆனால் லென்ஸ் பக்கம் அடைப்பு முழுமையாக வேண்டுமென்றால் அடாப்டர் வளையத்தையும் 49 மி.மீ. பாதுகாப்பு ஃபில்டரையும் தனியாக வாங்கிப் போட வேண்டும். அதைப் போடாமல் மழையில் நனைத்துவிட்டு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

மூன்றாவது வகை, தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோகலாம் என்று செய்தவை. ஒலிம்பஸ் டிஜி-6 (2019), அதன்பின் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 (2023). இரண்டும் 15 மீட்டர் ஆழம் தாங்கும். இவற்றின் ஜூம் முழுக்க உடம்புக்குள்ளேயே நடக்கிறது, லென்ஸ் வெளியே நீளாது. ரகசியம் பாதி அதில் இருக்கிறது. குறை என்னவென்றால், ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் சின்னது. மேகம் மூடிய சோலைக்காட்டில் படம் மணல் தூவியது போல வரும். வருடத்தில் ஒரு தடவை மழைப்பயணம் போகிறவருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. மாதாமாதம் அருவி, ஆறு, கடல் என்று சுற்றுகிறவர் வேறு எதுவும் யோசிக்காமல் இதை வாங்கலாம்.

பெட்டியில் ஐபி என்று போட்டு எண் இருந்தால் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள், தண்ணீருக்கு உரியது அதுதான். 4 என்றால் தெறிக்கிற நீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். இந்தச் சோதனை அசையாமல் நிற்கிற நல்ல தண்ணீரில் செய்வது. அருவி வேகமாக வந்து அடிப்பது வேறு கணக்கு. உப்புத் தண்ணீரும் வேறு கணக்கு.

பையில் என்னென்ன

பெரிய செலவில்லை. தடிமனான ஜிப் கவர் நாலைந்து. ஓட்டலில் கொடுக்கும் ஷவர் கேப் இரண்டு. ரப்பர் பேண்ட், செல்லோ டேப். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். லென்ஸுக்கு மட்டும் ஒரு மைக்ரோஃபைபர் துணி, அதைத் தனி ஜிப் கவரில் வையுங்கள். அது நனைந்தால் அன்றைய பொழுது முடிந்தது. கேமராவின் உடம்பைத் துடைக்க, பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துண்டு. புதுத் துண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிர உறிஞ்சாது. பழைய வேட்டி தொட்டதும் குடித்துவிடும்.

மடித்துச் சுருட்டி மூடும் டிரை பேக் இருந்தால் நல்லது. வாயை மூன்று சுற்றாவது சுருட்டிய பிறகுதான் கொக்கியை மாட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஈரமான கேமராவை அதற்குள் போட்டு மூடினால் ஈரத்தை அதுவே பத்திரமாக உள்ளே வைத்திருக்கும். நனைந்த ரெயின்கோட்டையும் கேமராவையும் ஒரே பைக்குள் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

உறை ஒன்று செய்துகொள்வது

கடையில் மழை உறை கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் பெரிய கேமராவுக்குத்தான். டைகாபேக் போன்ற, முன்னால் கண்ணாடி வைத்த நீர்புகா உறைகள் சின்ன கேமராவுக்கும் உண்டு. கொட்டும் மழைக்கு அவை சரி. மற்ற நேரத்துக்கு வீட்டிலேயே செய்தது போதும். கிளம்புவதற்கு முந்தின நாள் சாவகாசமாகச் செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து செய்தால் ஓட்டை பெரிதாகிவிடும்.

கேமராவைவிட ஒன்றரை மடங்கு பெரிய, தெளிவான ஜிப் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, கேமராவை உள்ளே வையுங்கள். லென்ஸைச் சுற்றி உடம்போடு ஒட்டி நிற்கும் அசையாத வளையம் ஒன்று இருக்கும். கவரில் அது படுகிற இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்து, கேமராவை வெளியே எடுத்துவிட்டு, குறித்த வட்டத்தைவிட அரை சென்டிமீட்டர் சின்னதாக வெட்டுங்கள். திரும்ப உள்ளே வைத்து, வெட்டிய விளிம்பை அந்த வளையத்தின்மேல் இழுத்துவிட்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். ரப்பர் பேண்ட் அசையாத பகுதியில்தான் இருக்க வேண்டும், நீண்டு சுருங்கும் குழலைத் தொடவே கூடாது. தொட்டால் மோட்டார் முக்கும். ஆன் செய்து, ஜூமை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டி, எங்கேயாவது உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

இப்போது உடம்பு மூடியாயிற்று, குழல் மட்டும் வெளியே. அதற்குத் தாழ்வாரம் இறக்க வேண்டும். பழைய ஃபைல் அட்டையின் பிளாஸ்டிக்கில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, ஓட்டைக்கு மேலே கவரோடு டேப் போட்டு ஒட்டி, முன்பக்கம் லேசாக வளைத்துவிடுங்கள். ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் மாதிரி லென்ஸுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மிக அகலமான கோணத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மேல் ஓரத்தில் நிழலாகத் தெரிந்தால் கத்தரியால் கொஞ்சம் நறுக்குங்கள்.

ஜிப் வாயை மூட வேண்டாம். கை அதன் வழியாகத்தான் உள்ளே போகும். கீழ்நோக்கி இருப்பதால் மழை ஏறாது, உள்ளே காற்றும் ஓடும். லென்ஸுக்கு முன்னால் பிளாஸ்டிக் இருக்கவே கூடாது; அதன் வழியாக எடுத்தால் படம் சோப்புத் தண்ணீருக்குள் பார்த்தது மாதிரி இருக்கும்.

ரிக்கோ ஜிஆர் 3 வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. ஜிஏ-1 என்ற அடாப்டர் குழலை மாட்டினால், நீளும் லென்ஸ் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அதன் முன்னால் 49 மி.மீ. ஃபில்டர் ஒன்றைத் திருகி, கவரை அந்தக் குழலோடு சேர்த்துக் கட்டிவிடலாம். தாழ்வாரத்துக்கு வேலை இல்லை. கேமரா சட்டைப்பைக்குள் போகாது, அவ்வளவுதான்.

மழையில் எடுக்கும்போது

லாட்ஜில் இருக்கும்போதே மூன்று அமைப்புகளை மாற்றிவிடுங்கள். முதலாவது, தானாக அணையும் நேரம். பல கேமராக்கள் ஓரிரு நிமிடம் சும்மா இருந்தால் தாமே அணைந்து லென்ஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் குடையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அது ஈரக் குழலை விழுங்கிவிடும். எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி வையுங்கள். சில கேமராக்கள் எடுத்த படத்தைப் பார்க்கும்போதும் லென்ஸைச் சுருக்கும், அதற்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, தொடுதிரையை அணையுங்கள். துளி விழுந்தால் அது விரல் என்று நினைத்துக்கொண்டு ஃபோகஸை எங்காவது மாற்றிவிடும். மூன்றாவது, ஃபிளாஷ் வேண்டாம். மழைத்துளியிலும் மூடுபனியிலும் பட்டு வெள்ளைப் பொட்டுகளாகத் திரும்பி வரும்.

பேட்டரியையும் கார்டையும் புதிதாகப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெளியில் கதவைத் திறக்கும் வேலையே வரக்கூடாது.

மழைக்குள் போனபிறகு ஜூமைத் தொடாமல் இருப்பது நல்லது. என்ன கோணம் வேண்டும் என்பதைக் கூரைக்கு அடியில் நிற்கும்போதே முடிவுசெய்து, அப்புறம் காலால் முன்னே பின்னே போங்கள். குழல் எத்தனை முறை நகர்கிறதோ அத்தனை முறை ஈரத்தை இழுக்கும். துளிகள் நின்ற மாதிரி தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/500 நொடி, கோடு கோடாக விழ வேண்டுமென்றால் 1/60 அல்லது 1/30. பின்னால் இருட்டான தேயிலைச் சரிவோ மரமோ இருந்தால்தான் மழையே படத்தில் தெரியும். வெளுத்த வானத்தைப் பார்த்து எடுத்தால் நனைந்ததுதான் மிச்சம்.

குடை நல்ல நண்பன், ஒரு கை போய்விடும் என்பதைத் தவிர. கம்பை தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ளும்போது பாருங்கள்: குடை பின்னால் சாய்ந்தால் முன்கம்பி முனைகள் மேலே போய்விடும், கேமரா வெளியே நிற்கும். முன்னால் சாய்ந்தால் கம்பி முனையிலிருந்து சொட்டுவது சரியாகக் கேமராவின் மேல்தட்டில் விழும். கூட ஒரு ஆள் இருந்தால் குடையை அவரிடம் கொடுங்கள். காற்றடிக்கும் மலையில் குடையை நம்ப வேண்டாம், மரத்தடியையும் நம்ப வேண்டாம். மழை விட்டு அரை மணி கழித்தும் மரம் தன் கணக்கில் கொட்டிக்கொண்டிருக்கும். அதுவும் பொடியாக இல்லாமல், கொத்துக்கொத்தாக.

கழுத்துப் பட்டை நனைந்தால் திரி மாதிரி தண்ணீரை இழுத்து, அது மாட்டியிருக்கும் வளையம் வரைக்கும் கொண்டுவரும். துணிப் பட்டையைவிட மெல்லிய மணிக்கட்டுக் கயிறு மேல். காலில் அட்டை ஏறிவிட்டதா என்று அவசரமாகக் குனிபவர்களுக்கும் அதுதான் நல்லது. கழுத்தில் தொங்கும் கேமரா ஈரப்புல்லுக்குள் போய் முகம் கழுவிவிட்டு வரும்.

அணைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கூரைக்கு அடியில் போங்கள். லென்ஸ் லேசாகக் கீழே பார்க்கும்படி பிடியுங்கள், துளிகள் உடம்பை நோக்கி ஓடாமல் நுனிக்கு வரும். வேட்டித் துண்டை குழலைச் சுற்றி ஒற்றியெடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் இடுக்குக்குள் தள்ளிவிடுவீர்கள். குழல் குழலாக, சேர்கிற ஓரங்களில் ஒற்றுங்கள். பிறகு மேல்தட்டு, டயல், பட்டன். லென்ஸ் கண்ணாடியை மைக்ரோஃபைபரால். எல்லாம் முடிந்தபிறகுதான் சுவிட்ச். துடைக்கும்போது கேமராவைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள். மேல்தட்டில் நிற்கிற தண்ணீர் வேறு எங்கே போகும்?

டீக்கடையும் ஏசி காரும்

கண்ணாடி போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிரில் நடந்துவிட்டு, பாய்லர் கொதிக்கும் டீக்கடைக்குள் நுழைந்ததும் எதிரே இருப்பவர் முகம் மறைந்துவிடும். கேமராவுக்கும் அதே கதி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். லென்ஸுக்கு உள்பக்கம் படிந்தால் என்ன செய்வது?

காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் அந்தக் காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியும். ஏசி காரில் 22 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்த கேமரா, கதவைத் திறந்ததும் வேர்ப்பது அதனால்தான். வால்பாறையிலிருந்து இறங்கும்போதும் இதே கதை. மேலே குளிர்ந்த கேமராவை ஆழியாறில் வெளியே எடுத்து அணையைப் படம் பிடிக்கப் பார்த்தால் எல்லாம் பால் வெள்ளையாக இருக்கும்.

மருந்து எளிது. குளிரான இடத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே, அந்த இடத்துக் காற்றிலேயே, கேமராவை ஜிப் கவருக்குள் போட்டு மூடுங்கள். சூட்டுக்கு வந்தபின் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். ஈரம் கவருக்கு வெளியே படியும், கேமராமேல் படாது. காரில் போகிறவர்கள் இறங்குவதற்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடலாம். டீக்கடைக்குள் போகும்போது கேமராவைப் பையிலேயே விட்டுவிடுங்கள். ஒருவேளை படிந்துவிட்டால், துடைக்காமல், அணைக்காமல், ஜூம் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். கேமரா சூடேறியதும் தானாகப் போய்விடும்.

நீர்புகா உறைக்கும் இது பொருந்தும். அதை மூடும்போது எந்தக் காற்றை உள்ளே அடைக்கிறீர்களோ அதுதான் நாள் முழுக்க உள்ளே இருக்கும். மூடுபனிக்குள் நின்றுகொண்டு மூடினால் ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மங்கும். அறைக்குள்ளேயே, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

அறைக்குத் திரும்பியதும்

உங்கள் தலையைத் துவட்டும் முன் கேமராவைத் துவட்டுங்கள். உறையைக் கழற்றி, வெளியே நன்றாக ஒற்றிவிட்டு, கையும் காய்ந்தபிறகு பேட்டரிக் கதவையும் சார்ஜ் துளையையும் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் எதுவும் இல்லையென்றால் ஆன் செய்து லென்ஸை நீட்டி, ஃபேனுக்கு எதிரே கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, குழலை இன்னொரு முறை ஒற்றி, அணையுங்கள். சார்ஜ் துளையில் லேசாக ஈரம் தெரிந்தாலும் அன்று ராத்திரி ஒயர் சொருகாதீர்கள். பேட்டரியை வெளியே எடுத்து, தனி சார்ஜரில் போடுங்கள்.

அப்புறம் கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவுக்குள், கைப்பிடி அளவு சிலிக்கா ஜெல்லோடு, காலைவரை வையுங்கள். மலையில் அறைக்காற்றே அப்பளத்தை ஐந்து நிமிடத்தில் நமுக்க வைக்கும். வெறுமனே மேஜைமேல் வைத்தால் காயாது.

டிஜி மாதிரி நீர்புகா கேமராவென்றால் வேலை வேறு. கடலுக்குப் போய் வந்தால் கதவுகளைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு அலசுங்கள். உடம்பு முழுக்கக் காய்ந்தபிறகு கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரில் மணலோ முடியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முடி போதும், தண்ணீர் உள்ளே வருவதற்கு.

உள்ளே போய்விட்டால்

ஆன் செய்து பார்க்காதீர்கள். கை துறுதுறுக்கும். தண்ணீர் மட்டும் செய்யும் கேடு குறைவு. தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தால்தான் செம்புத் தடங்கள் அரிக்கும், ஷார்ட் ஆகும். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள், எல்லாக் கதவுகளையும் திறந்து, கதவு கீழே பார்க்கும்படி வைத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். உதற வேண்டாம், போகாத இடத்துக்கும் போகும். லென்ஸ் நீண்ட நிலையில் நின்றிருந்தால் அப்படியே விடுங்கள், கையால் அழுத்தாதீர்கள். பிறகு சிலிக்கா ஜெல் டப்பாவில் இரண்டு மூன்று நாள்.

நம் வீடுகளில் முதலில் அரிசி டப்பாவைத்தான் காட்டுவார்கள். அரிசி அவ்வளவாக ஈரம் இழுக்காது, ஆனால் அதன் மாவுத்தூள் லென்ஸ் இடுக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். ஹேர் டிரையரும் வேண்டாம். சூட்டில் பசைகள் இளகும், காற்றின் வேகம் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும்.

இது மழைத்தண்ணீருக்கு. கடல் தண்ணீர், சர்க்கரை போட்ட டீ, இளநீர் என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. காய்ந்தாலும் உப்பும் சர்க்கரையும் உள்ளேயே தங்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு நேராகப் பழுது பார்ப்பவரிடம். பிழைக்கும் வாய்ப்பு குறைவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

பயணத்தில் ஏறிய ஈரம் மாதக் கணக்கில் கழித்துப் பூஞ்சையாக முளைக்கும். சென்னைக்காரர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், தோலே ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நல்லது. 60-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

சிலிக்கா ஜெல்லில் நீலம் ரோஸாக மாறினாலோ, ஆரஞ்சு பச்சையாக மாறினாலோ நிரம்பிவிட்டது என்று பொருள். வெயிலில் காயவைத்தால் அரைகுறையாகத்தான் காயும். ஏறக்குறைய 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்க வேண்டும். நீல ரகத்தில் இருக்கும் கோபால்ட் குளோரைடு நச்சு. அதனால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், பழைய தட்டு ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். வாங்கும்போதே ஆரஞ்சு ரகம் வாங்கினால் நல்லது.

மாதம் ஒரு முறை கேமராவை எடுத்து, ஆன் செய்து, இருட்டில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து லென்ஸுக்குள் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும். பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி ஓரத்திலிருந்து கிளை விட்டிருக்கும். அப்படித் தெரிந்தால் தள்ளிப்போடாமல் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். வளரவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது. சின்ன கேமராவில் ஒரு கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றித் தரமாட்டார்கள், பெரும்பாலும் லென்ஸ் தொகுதி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள்.